மாட்டு ரத்தத்திலிருந்து அனபிளாஸ்மா ஜீனோம்: மினயான் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

உண்ணி கடித்துப் பரவும் அனபிளாஸ்மா மார்ஜினாலே பாக்டீரியாவின் முழு ஜீனோமையும் சொந்த ஆய்வகத்திலேயே படிக்க, ஆக்ஸ்போர்டு நானோபோரின் மினயான் என்ற டிஎன்ஏ படிக்கும் கருவியை நம்பலாமா? நம்பலாம். இந்தப் பாக்டீரியாவுக்கு அது மிகவும் பொருந்தும் கருவி என்றே சொல்வோம். ஆனால் ரத்தத்தைத் தயார் செய்யும் வேலையில் தேர்ச்சி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கினால், வாங்கிய ஃப்ளோ செல்லெல்லாம் (டிஎன்ஏ நுழைந்து போகும் நுண்துளைகள் கொண்ட, மாற்றிப் போடும் தட்டு) மாட்டின் டிஎன்ஏவைப் படித்தே தீர்ந்துபோகும். இங்கே எழுதுவது ஆர்10.4.1 ஃப்ளோ செல், டிஎன்ஏவைப் படிக்கத் தயார் செய்யும் எல்எஸ்கே114 லைகேஷன் கிட், கருவியின் மின் சமிக்ஞையை எழுத்தாக்கும் டொராடோ பேஸ்காலர் மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டைப் பற்றி.

இந்தப் பாக்டீரியாவை ஆர்னால்ட் தைலர் 1910-ல் தென்னாப்பிரிக்காவில் விவரித்தார். அதன் முதல் முழு ஜீனோம் 2005-ல்தான் வந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த செயின்ட் மேரீஸ் ஸ்ட்ரெய்ன் (உள்வகை) அது: 11,97,687 பேஸ் (டிஎன்ஏ எழுத்து), ஒரே வட்டக் குரோமோசோம், புரதத்துக்கான 949 மரபணுக்கள். பிளாஸ்மிட் (தனியாக நிற்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கிடையாது. இவ்வளவு சின்ன ஜீனோமுக்கு ஏன் அத்தனை பாடு? தட்டில் வளர்க்க முடியாத பாக்டீரியா என்பது ஒரு காரணம். சிவப்பணுவுக்குள்ளோ உண்ணியின் செல்லுக்குள்ளோதான் அது வாழும். இன்னொரு காரணம் எம்எஸ்பி2, எம்எஸ்பி3 என்ற மேற்புறப் புரத மரபணுக்கள். இவற்றின் துண்டுப் பிரதிகள், அதாவது போலி மரபணுக்கள், ஜீனோம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பாக்டீரியா அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்த மரபணுவுக்கென உள்ள ஒரே ஒரு வெளிப்பாட்டு இடத்தில் ஒட்டித் தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். மாட்டின் எதிர்ப்புச் சக்தி ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு அழிக்கும்போது அடுத்த வடிவம் தலைதூக்கிவிடும். காய்ச்சல் தணிந்த மாடு பல ஆண்டுகள் நோயைச் சுமப்பதன் ரகசியம் இதுதான். இந்தப் போலி மரபணுக்களின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதால், 150 பேஸ் நீளமுள்ள இல்லுமினா கருவியின் ரீடுகளை (ஒரு தடவையில் படித்த துண்டுகளை) வைத்து எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. ரீடுகளை ஒட்டி ஜீனோமாக்கும் அசெம்பிளி அந்த இடங்களில் எல்லாம் அறுந்துவிடும். செயின்ட் மேரீஸ் ஜீனோமைப் பெரிய பேக் குளோன்களாக (வேறு பாக்டீரியாவில் வைத்துப் பெருக்கும் நீளத் துண்டுகளாக) வெட்டி வைத்துப் படித்ததும் இந்தச் சிக்கலைத் தாண்டத்தான்.

மினயானின் அருமை தெரிவதும் இங்கேதான். 10 கேபி (10,000 பேஸ்) நீள ரீட் ஒன்று எம்எஸ்பி2 வெளிப்பாட்டு ஆபரான் (சேர்ந்து வெளிப்படும் மரபணுத் தொகுதி) முழுவதையும் இரண்டு பக்கத்துத் தனித்துவமான பகுதிகளோடு சேர்த்துத் தாண்டிப்போகிறது. எம்எஸ்பி1ஏ மரபணுவில் வரிசையாக அடுக்கியிருக்கும் 28, 29 அமினோ அமிலத் துண்டுகளையும் ஒற்றை ரீடிலேயே எண்ணிவிடலாம். ஸ்ட்ரெய்ன் வகைப்பாட்டுக்கு உலகெங்கும் அந்த எண்ணிக்கையும் வரிசையும்தான் ஆதாரம். மாதிரி சுத்தமாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஜீனோம் 12 லட்சம் பேஸ்தான், ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 100 முறை படிக்க, அதாவது 100 மடங்கு கவரேஜுக்கு, 120 எம்பி (12 கோடி பேஸ்) போதும். ஒரு ஃப்ளோ செல்லில் 10 ஜிபி (1,000 கோடி பேஸ்) கிடைப்பதாக வைத்து 24 பார்கோடுகளுக்கு (மாதிரிகளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ ஒட்டுகளுக்கு) பிரித்தாலும் ஆளுக்கு 416 எம்பி வரும். அதில் பாதி பாக்டீரியாவுடையது என்றாலே 170 மடங்குக்குமேல் தேறும்.

அந்தப் பாதி எப்படிக் கிடைக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். மாட்டின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லை. மாட்டு டிஎன்ஏ வருவதெல்லாம் வெள்ளையணுவிலிருந்து. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 லட்சம் வெள்ளையணுக்கள், ஒவ்வொன்றிலும் 540 கோடி பேஸ் என்றால், மொத்தம் ஏறத்தாழ 47 மைக்ரோகிராம் மாட்டு டிஎன்ஏ. நோய் உச்சத்தில் அதே ஒரு மில்லியில் நூறு கோடி சிவப்பணுக்கள் தொற்றியிருக்கும். அணுவுக்கு ஐந்து பாக்டீரியா என்று வைத்தால் ஆறரை மைக்ரோகிராம் பாக்டீரியா டிஎன்ஏ. அதாவது எதையும் வடிகட்டாமலே மொத்தத்தில் 12 சதவீதம். வெள்ளையணுக்களில் 99 சதவீதத்தை எடுத்துவிட்டால் இந்த 12 சதவீதம் 90-ஐத் தாண்டும். காய்ச்சலும் சோகையும் முற்றிய மாட்டின் ரத்தம் இந்த வேலைக்குத் தங்கம்.

காய்ச்சல் அடங்கி நோயைச் சுமந்து திரியும் மாட்டில் கதை வேறு. அங்கே தொற்றிய அணுக்களின் எண்ணிக்கை மில்லிக்கு 100 முதல் ஒரு கோடி வரை வாரக்கணக்கில் ஏறி இறங்கும். ஒரு லட்சம் என்று எடுத்தால் பாக்டீரியா டிஎன்ஏ மில்லிக்கு அரை நானோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வடிகட்டாமல் படித்தால் 10 ஜிபியில் ஏறத்தாழ 140 கேபிதான் தேறும், ஜீனோமின் ஒரு மடங்குகூட இல்லை. வெள்ளையணுவில் 99 சதவீதத்தை நீக்கிய பிறகும் ஒரு முழு ஃப்ளோ செல்லுக்கு 12 மடங்குக்கு மேல் போகாது. அப்படிப்பட்ட மாதிரியை மினயானில் ஏற்றவே வேண்டாம். எம்எஸ்பி1ஏவையும் எம்எஸ்பி2 வெளிப்பாட்டு இடத்தையும் பிசிஆரில் பெருக்கி ஃப்ளாங்கிள் என்ற சிறிய ஃப்ளோ செல்லில் படித்தால் செலவு குறைவு, பதிலும் தெளிவு. முழு ஜீனோம்தான் வேண்டும் என்றால் ஐஎஸ்இ6 உண்ணி செல் வரிசையில் முதலில் வளர்த்துப் பெருக்க வேண்டும்.

ரத்தம் எடுப்பது, அது கட்டாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில். ஹெபாரின் குழாய் வேண்டாம், அது பின்னால் பிசிஆர் போன்ற வேலைகளில் என்சைம்களுக்கு இடைஞ்சல் செய்யும். எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து அன்றைக்கே பதப்படுத்த வேண்டும். ஃப்ரீசரில் உறைய வைக்கவே கூடாது. உறைந்து உருகும்போது வெள்ளையணுக்கள் வெடித்து அவற்றின் டிஎன்ஏ வெளியே கொட்டிவிடும், அதன்பின் எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. பழைய ஃப்ரீசர் சேமிப்பை நம்பித் திட்டம் போடும் ஆய்வகங்கள் இதில்தான் சறுக்குகின்றன.

1,500 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவையும் அதன் அடியில் வெள்ளைப் படலமாக நிற்கும் பஃபி கோட்டையும் எடுத்துவிட வேண்டும். அந்தப் படலத்தை மட்டும் நோகாமல் எடுக்க முடியாது. அதனடியில் இருக்கும் சிவப்பணுவில் சில மில்லிமீட்டரும் சேர்ந்தே போகட்டும், சிக்கனம் பார்க்கக் கூடாது. பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊற்றி இன்னும் இரண்டு மூன்று முறை இதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு மெல்லிய படலம் மேலே எழும். அதன்பிறகு மலேரியா ஆய்வில் பயன்படும் பிளாஸ்மோடிபூர் வடிகட்டியிலோ செல்லுலோஸ் தூள் நிரப்பிய சிரிஞ்சிலோ ரத்தத்தை விடலாம். பிஸ்டனை அழுத்தினால் வெள்ளையணு நசுங்கி ஊடுருவிவிடும், தானாக இறங்கட்டும். வடிந்ததில் ஒரு ஸ்மியர் (கண்ணாடியில் தேய்த்த மெல்லிய பூச்சு) போட்டு ஜீம்சா சாயத்தில் பார்த்தால் வேலை எவ்வளவு முடிந்தது என்று கண்ணாலேயே தெரியும். நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் ஐம்பது காட்சிப்புலம் தள்ளியும் வெள்ளையணு ஒன்றிரண்டுக்கு மேல் தென்படக் கூடாது. சிவப்பணுவின் விளிம்பை ஒட்டி நிற்கும் கருநீலப் புள்ளிகளை அதே ஸ்லைடில் எண்ணி, தொற்றிய அணு நூற்றுக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டால் ஃப்ளோ செல்லைத் திறக்கலாமா வேண்டாமா என்ற முடிவும் அங்கேயே கிடைக்கும்.

இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் சிவப்பணுவை உடைத்துவிட்டு டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அறுக்கும் என்சைம்) போடலாம். பாக்டீரியாவின் டிஎன்ஏ அதன் சவ்வுக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே மிதக்கும் மாட்டு டிஎன்ஏ மட்டும் அழியும். டிஎன்ஏஸ் வேலை செய்ய மக்னீசியம் தேவை. ரத்தக் குழாயிலிருந்து வந்த ஈடிடிஏவை பிபிஎஸ்ஸால் கழுவாமல் விட்டால் மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏஸ் சும்மா நிற்கும். வேலை முடிந்ததும் அதே ஈடிடிஏவைச் சேர்த்து டிஎன்ஏஸை நிறுத்திவிட்டுத்தான் பாக்டீரியாவை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு எஸ்டிஎஸ்ஸும் புரோட்டினேஸ் கேயும் போதும். தடித்த செல் சுவர் இல்லாத பாக்டீரியா இது. கண்ணாடி மணி போட்டுக் குலுக்கினால் நீள டிஎன்ஏ நொறுங்கும், நீளம் போனால் மினயான் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

பிரித்தெடுத்த டிஎன்ஏ திரவம் லேசான பழுப்பாக இருந்தால் ரத்த நிறமியான ஹீம் மிச்சம் இருக்கிறது. ஃப்ளோ செல்லின் துளைகள் அதை விரும்புவதில்லை. ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப்பில் 260/280 விகிதம் 1.8-க்கு அருகிலும் 260/230 விகிதம் 2.0 முதல் 2.2-க்குள்ளும் வரும்வரை திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். அளவுக்கு நானோடிராப்பை நம்பக் கூடாது. ஆர்என்ஏவையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். ஆர்என்ஏவை அழிக்கும் ஆர்என்ஏஸ் போட்டுவிட்டு, ஒளிரும் சாயத்தால் அளக்கும் க்யூபிட்டில் பார்க்க வேண்டும்.

எல்எஸ்கே114 கிட்டுக்கு ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ கேட்கிறார்கள். 24 மாதிரிகளைப் பார்கோடு போடும் நேட்டிவ் பார்கோடிங் கிட்டுக்கு மாதிரிக்கு 400 நானோகிராம், ராபிட் பார்கோடிங்குக்கு 200 நானோகிராம். ராபிட் கிட் விரைவானது, ஆனால் அதில் உள்ள டிரான்ஸ்போசேஸ் என்ற என்சைம் டிஎன்ஏவை வெட்டித்தான் அடாப்டரை (துளைக்குள் நுழைய உதவும் முனைத் துண்டை) ஒட்டும். ஏற்கெனவே நடுத்தர நீளத்தில் இருக்கும் ரத்த டிஎன்ஏ மேலும் குட்டையாகிவிடும். போலி மரபணுப் பகுதிகளை மூடத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்பதால் லைகேஷனே எங்கள் பரிந்துரை.

லைகேஷன் கிட்டில் ஒரு இடத்தில் பழக்க தோஷம் காலை வாரும். டிஎன்ஏவின் முனைகளைச் சீராக்கும் எண்ட் பிரெப்புக்குப் பிறகு, டிஎன்ஏ ஒட்டிய காந்த மணிகளை 80 சதவீத எத்தனாலில் கழுவுகிறோம். அடாப்டர் ஒட்டியபின் வரும் இரண்டாவது கழுவலில் கை தானாக எத்தனாலுக்குப் போகும். போகக் கூடாது. டிஎன்ஏவைத் துளைக்குள் படிப்படியாக இறக்கும் மோட்டார் புரதம் அப்போது அடாப்டரில் ஏறியிருக்கிறது, எத்தனால் பட்டால் செத்துப்போகும். கிட்டோடு வரும் லாங் ஃப்ராக்மென்ட் பஃபரில்தான் கழுவ வேண்டும். 3 கேபிக்குக் குறைந்த துண்டுகளையும் அது கழித்துக்கட்டும். ஏற்றும் அளவு 35 முதல் 50 ஃபெம்டோமோல். சராசரி நீளம் 10 கேபி என்றால் 230 முதல் 325 நானோகிராம். அதிகம் போட்டால் அதிகம் வரும் என்பது இங்கே செல்லாது.

ஃப்ளோ செல் வந்து இறங்கியதும் 2 முதல் 8 டிகிரியில் வைத்து, முதல் வேலையாகத் துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மினயான் ஃப்ளோ செல்லுக்கு உத்தரவாதம் 800 துளைகள். குறைந்தால் மாற்றித் தருவார்கள், ஆனால் குறித்த கெடுவுக்குள் சோதித்துத் தெரிவித்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் கூரியர் கிடங்கில் கிடந்துவிட்டு வரும் பெட்டிக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். பிரைமிங் துளையிலிருந்து 20, 30 மைக்ரோ லிட்டரை மெல்ல இழுத்துக் காற்றுக் குமிழியை எடுத்துவிட்டு, 800 மைக்ரோ லிட்டர் பிரைமிங் கலவை, ஐந்து நிமிடம் பொறுத்து, ஸ்பாட்ஆன் மூடியைத் திறந்து இன்னும் 200, பிறகு 75 மைக்ரோ லிட்டர் லைப்ரரியை (படிக்கத் தயாரான டிஎன்ஏவை) சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குமிழி ஒன்று சென்சார் மேல் உருண்டால் அது போன வழியெல்லாம் துளைகள் போய்விடும், திரும்ப வராது. லைப்ரரி மணிகள் சில நொடிகளில் அடியில் படிந்துவிடுவதால் ஏற்றுவதற்கு முன்பே கலக்கிக்கொள்ள வேண்டும்.

அடாப்டிவ் சாம்பிளிங் என்ற வசதியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு இழை துளைக்குள் நுழைந்ததும் முதல் சில நூறு பேஸ்களைப் பார்த்து, மாட்டுடையது என்றால் மின்னழுத்தத்தைத் திருப்பி வெளியே தள்ளிவிடும். நல்ல வசதி, ஆனால் வடிகட்டிக்கு மாற்று அல்ல. துண்டுகள் 1 கேபியாக இருந்தால் முடிவெடுப்பதற்குள் இழை முழுக்கக் கடந்துவிடும், லாபம் ஏதும் இல்லை. நீளத் துண்டு இருந்தால்தான் நேரம் மிச்சம். இரண்டு விதமாகக் கேட்கலாம்: அனபிளாஸ்மாவை மட்டும் எடு, அல்லது மாட்டை மட்டும் தள்ளு. முதல் வகை கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் ஜீனோமிலிருந்து விலகிய பகுதிகளை அது ஓசையின்றி வெளியே எறியும். புது ஸ்ட்ரெய்னில் புதிதாக இருப்பது எதுவோ அதுவே காணாமல் போகும் என்றால் முதலுக்கே மோசம். ஆகவே மாட்டைத் தள்ளும் வகைதான் பாதுகாப்பு. ரெஃபரன்ஸாக ஏஆர்எஸ்-யூசிடி1.2 ஜீனோம் பொருந்தும். அது ஹெரிஃபோர்டு பசுவுடையது. நம் கலப்பினத்துக்கும் அது பயன்படும், நாட்டு மாட்டுக்குப் பிராமன் ஜீனோம் இன்னும் நெருக்கம். எருமை ரத்தம் என்றால் எருமை ரெஃபரன்ஸைத்தான் போட வேண்டும். இந்த வசதிக்கு ஜிபியூ உள்ள வேகமான கணினி வேண்டும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போகாமல் யூபிஎஸ்ஸும், குறைந்தது 1 டிபி எஸ்எஸ்டியும் கருவி விலையோடு சேர்த்துப் பட்ஜெட்டில் எழுத வேண்டியவை. குளிரூட்டிய அறையும்தான். ஃப்ளோ செல் ஓடும் வெப்பம் 34 டிகிரி அளவில், வெளியே அதைவிடச் சூடாக இருந்தால் கருவியால் தன்னைத் தணித்துக்கொள்ள முடியாது.

பேஸ்காலிங்கை மிகத் துல்லியமான சூப் மாடலில்தான் செய்ய வேண்டும். ஃபாஸ்ட் மாடல், ஓட்டம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க மட்டும். மினிமேப்2 மென்பொருளை வைத்து மாட்டு ரீடுகளை ஒதுக்கிவிட்டு, ஃப்ளை மென்பொருளில் நானோ-எச்க்யூ தேர்வோடு அசெம்பிளி செய்தால் ஒரே வட்டம் வர வேண்டும். 12 லட்சத்தை ஒட்டிய நீளம், ஜிசி அளவு (ஜி, சி எழுத்துகளின் பங்கு) 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு ஒன்றே ஒன்று, அதிலிருந்து தள்ளி 23எஸ் ஒன்று. இரண்டு 16எஸ் வந்தால் கலப்புத் தொற்றோ அசெம்பிளிக் கோளாறோ இருக்கிறது. வட்டம் மூடாமல் இரண்டு மூன்று துண்டாக நின்றால் முறிந்த இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் எம்எஸ்பி2, எம்எஸ்பி3 போலி மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கும் இடமாகத்தான் இருக்கும். ரீட் நீளம் போதவில்லை என்று அர்த்தம். கவரேஜைக் கூட்டிப் பயன் இல்லை.

மெடாக்கா மென்பொருளைப் போட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ரீடுகளை அடுக்கிக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் எம்எஸ்பி2 வெளிப்பாட்டு இடத்தைத் திறந்து பாருங்கள். இரு பக்கமும் ரீடுகள் ஒரே நிறத்தில் அமைதியாக அடுக்கியிருக்கும். மரபணுவின் நடுப்பகுதியில் மட்டும் சில நூறு பேஸ் அகலத்துக்கு நிறங்கள் கலந்து தெரியும். ஒரு ரீடில் ஒரு வரிசை, அடுத்ததில் வேறு. அது கருவியின் பிழை அல்ல. அந்த மாட்டின் ரத்தத்தில் அந்த வேளையில் பல சட்டை அணிந்த பாக்டீரியாக்கள் சேர்ந்து ஓடுகின்றன. அசெம்பிளி அவற்றை எல்லாம் கலந்து, எந்த ஒரு பாக்டீரியாவிலும் இல்லாத ஒரு வரிசையைக் கொடுக்கும். அதை அப்படியே மரபணு வங்கியில் ஏற்றுவது தவறு. அந்த இடத்தைத் தாண்டிப் போகும் ரீடுகளைத் தனியே எடுத்து, ஒத்தவற்றைக் குழுவாக்கி, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வரிசை எழுத வேண்டும். எந்தப் போலி மரபணுவிலிருந்து எந்தத் துண்டு வந்தது என்று தேடிப் பிடிக்கவும் இதுவே வழி. கட்டுரைக்கு உயிர் கொடுப்பது இந்தப் பகுதிதான், அவசரம் வேண்டாம்.

அடுத்த குறை, ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ படிப்பது. ஆர்10.4.1-ல் இது பெருமளவு குறைந்துவிட்டது, ஒழியவில்லை. ஒரு எழுத்து தவறினால் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் பிறழ்ந்து நல்ல மரபணு போலி மரபணுவாகத் தெரியும். உண்மையான போலி மரபணுக்களே ஆராய்ச்சிப் பொருளாக இருக்கும் பாக்டீரியாவில் இந்தக் குழப்பம் ஆபத்து. செயின்ட் மேரீஸோடு ஒப்பிட்டு, முறிந்ததாகத் தெரியும் ஒவ்வொரு மரபணுவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் இல்லுமினா ரீடுகள் கிடைத்தால் பாலிபாலிஷ் என்ற திருத்தியைப் போடலாம். ஒரு ரீட் பொருந்தும் எல்லா இடங்களையும் அது கணக்கில் எடுப்பதால் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை அது கெடுப்பது அரிது. ஒரே இடத்தை மட்டும் பார்க்கும் பழைய திருத்திகள் ஒரு போலி மரபணுவை இன்னொன்றின் எழுத்தால் திருத்திவிடும்.

இந்திய மாடுகளில் தைலேரியா அனுலேட்டா என்ற ரத்த ஒட்டுண்ணியும் கூடவே இருப்பது சகஜம். அது சிவப்பணுவுக்குள்ளும் இருப்பதால் வெள்ளையணு வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். அதன் ஜீனோம் 83 லட்சம் பேஸுக்கு மேல். ஒரு தைலேரியா ஏழு அனபிளாஸ்மாவின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஜிசி அளவு 32 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் அசெம்பிளியில் தனியே பிரிந்து நிற்கும், குழப்பம் வராது. இழப்பு கவரேஜில்தான். ஸ்மியரிலேயே தைலேரியா தெரிந்தால் அந்த மாதிரிக்குப் பார்கோடு பங்கைக் கூட்டி வைக்க வேண்டும்.

மாட்டுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டிய இடத்தில் இந்தக் கருவிக்கு வேலை இல்லை. காய்ச்சல் மாட்டுக்கு ஸ்மியர், அமைதியாகச் சுமக்கும் மாட்டுக்குப் பிசிஆர், மந்தை முழுக்கப் பார்க்க எம்எஸ்பி5 எலைசா (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை). இன்னொரு நிறுவனமான பாக்பயோவின் ஹைஃபை என்ற நீள ரீடுகள் துல்லியத்தில் மினயானை விஞ்சும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு நாலைந்து ஸ்ட்ரெய்ன் மட்டும் படிப்பவர்கள் டிஎன்ஏவை வெளியே அனுப்பி ஹைஃபையில் படிப்பதே மலிவு. மாதாமாதம் மாதிரி வரும் ஆய்வகத்துக்கு, ரத்தம் வந்த வாரத்திலேயே ஜீனோமைக் கையில் பார்க்க முடிவதால் மினயான் நிச்சயம் தகும்.

ஓட்டம் முடிந்ததும் ஃப்ளோ செல்லைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். கழுவும் கிட்டில் இருக்கும் டிஎன்ஏஸ் பழைய லைப்ரரியைச் செரித்து, அடைபட்ட துளைகளையும் ஓரளவு மீட்கும். இருந்தாலும் சிறிதளவு பழைய டிஎன்ஏ தங்கவே செய்யும். அனபிளாஸ்மாவுக்குப் பிறகு அதே செல்லில் பார்கோடு இல்லாமல் இன்னொரு அனபிளாஸ்மா ஸ்ட்ரெய்னை ஓட்டினால், எம்எஸ்பி2 இடத்தில் தெரியும் கலவை இந்த மாட்டுடையதா போன மாட்டுடையதா என்று பிரிக்க வழியே இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு பார்கோடு எண்களைப் போடுங்கள். அல்லது நடுவில் வேறு இன பாக்டீரியா ஒன்றை ஓட்டுங்கள்.